எர்த்தும் இல்ல, ஸ்டேஷனும் இல்ல

நேத்து காலையில பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். வாசல்ல ஒருத்தர் நிக்கிறாரு. ஒரு கையில பட்டா நகல். இன்னொரு கையில ஹார்லிக்ஸ் பாட்டில். பாட்டிலுக்குள்ள மண்ணு.

"அக்கா, தண்ணி பாக்குற மிஷின் இருக்கிறது இந்த வீடுதானே?"

இல்லைங்கன்னேன். நம்பல.

"உங்க சித்தப்பாதான் அனுப்புனாரு. நிலத்துக்கு நீங்க வரக்கூட வேணாமாம். மண்ணும் பட்டாவும் இருந்தாப் போதுமாம்."

(சித்தப்பா, நீங்க இதைப் படிக்க மாட்டீங்க. ஆனா யாராவது படிச்சுக் காட்டுவாங்க. அவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.)

அவரை உக்கார வெச்சு, காபி குடுத்து, நடந்த கதையைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வேலைக்கு லேட். இனிமே யாரு வந்தாலும் போனை நீட்டி இந்தப் பதிவைக் காட்டிடலாம்னு இருக்கேன்.

கதை இதுதான்.

சித்தப்பாவுக்குக் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்துல ரெண்டரை ஏக்கர். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கோமுகி அணை. மழைக்காலத்துல மேல பெரியார் அருவி, மேகம் அருவின்னு கொட்டும். லீவு விட்டா ஜனம் வண்டி கட்டிக்கிட்டுக் குளிக்கப் போகும். கீழ சித்தப்பா கிணத்துல மட்டும் மாசி மாசமே தவளை நீந்தாது, நடக்கும். "அணை கண்ணுக்குத் தெரியுது, தண்ணி காலுக்கு வரல"ன்னு அவர் புலம்பாத நாள் கிடையாது.

ஏற்கெனவே ரெண்டு போர் போட்டாரு. ரெண்டும் புகை.

(டவுன்காரங்களுக்கு: போர் வண்டி ஓட்டும்போது ஈரமே இல்லாம வெறும் கல்மாவு பறந்தா அதுக்குப் பேரு புகை. அதுல கல்லு மட்டும் பறக்காது. சித்தியோட ரெண்டு வளையலும் பறந்துச்சு.)

மூணாவது போருக்கு இடம் பாக்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. வழக்கமா வர்ற, உள்ளங்கையில தேங்காய் வெச்சு நீரோட்டம் பாக்கிற தேங்காய்க்காரர் இல்ல. இவர் புது மாடல். கையில சூட்கேஸ். திறந்தா மூணு டயல், ஒரு பச்சை லைட்டு, ஒரு ஒயரு, ஒயர் முனையில ஆடுற மாதிரி ஒரு கம்பி.

"இது ரேடியானிக்ஸ்மா. எல்லாப் பொருளுக்கும் ஒரு அலைவரிசை இருக்கு. தண்ணிக்கு ஒண்ணு, தங்கத்துக்கு ஒண்ணு, கிட்னி கல்லுக்கு ஒண்ணு."

ஃபீஸ் அஞ்சாயிரம். "கிழக்கு எதுங்க?"ன்னு கேட்டுக்கிட்டாரு. (இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வேணும்.) இருபது நிமிஷம் சுத்துனாரு. ஒரு மூலையில கம்பி படக்குன்னு திரும்புச்சு. "இங்க. 380 அடியில ரெண்டரை இஞ்சு தண்ணி."

அஞ்சாயிரம் போனதுகூட எனக்குப் பெருசா படல. "உள்ள என்ன சர்க்யூட்டுங்க?"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் லேடீஸுக்குப் புரியாதும்மா"ன்னாரு.

என்கிட்டயா?

எங்கப்பா கள்ளக்குறிச்சியில முப்பது வருஷம் ரேடியோ மெக்கானிக்கா இருந்தவரு. மத்த பிள்ளைங்க ஜவ்வுமிட்டாய் கலரைப் பாத்து வளர்ந்தா, நான் ரெசிஸ்டர் மேல இருக்கிற கலர் கோட்டைப் பாத்து வளர்ந்தவ. அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். இந்தப் பொட்டிய நானே செஞ்சிடுறேன்.

செய்யறதுக்கு முன்னாடி படிக்கணும்ல. படிச்சேன். ஒரு வாரம் தூக்கம் போச்சு, சிரிச்சுச் சிரிச்சு.

இந்த வம்சத்துக்கு மூத்தவரு ஆல்பர்ட் ஆப்ராம்ஸ். அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ. நிஜமாவே டாக்டருக்குப் படிச்சவரு. அவர் காலத்துல ரேடியோ புதுசு. காத்துல பாட்டு வருதுன்னா, காத்துல நோயும் வரலாமேன்னு ஜனம் நம்பத் தயாரா இருந்த நேரம். அவர் வைத்தியம் எப்படின்னா, நோயாளி வர வேணாம். காகிதத்துல ஒரு சொட்டு ரத்தம் அனுப்புனாப் போதும். அதைப் பொட்டிக்குள்ள வெப்பாரு. பொட்டியில இருந்து ஒரு ஒயர் போகும். எதுக்கு? நல்லா இருக்கிற வேற ஒரு ஆளோட நெத்திக்கு! அந்த ஆளு சட்டையைக் கழட்டிட்டு மேற்கு பாத்து நிக்கணும். டாக்டர் அவன் வயித்தைத் தட்டித் தட்டிப் பாத்து, ரத்தம் அனுப்புனவனுக்கு என்ன நோய்னு சொல்லிடுவாரு.

பாவம், அந்த நிக்கிற ஆளு. நோயும் இல்ல, சட்டையும் இல்ல.

குணப்படுத்தறதுக்குன்னு தனியா ஒரு பொட்டி. 'ஆஸிலோகிளாஸ்ட்'னு பேரு. மத்த டாக்டருங்களுக்கு வாடகைக்கு விட்டாரு, ஒரே ஒரு கண்டிஷன்: பொட்டியைத் திறக்கக் கூடாது. (நம்ம சூட்கேஸ்காரருக்குக் கொள்ளுத்தாத்தா யாருன்னு இப்பத் தெரியுதா?) ஒரு குறும்புக்கார டாக்டர் சேவலோட ரத்தத்தை மனுஷ ரத்தம்னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்தச் சேவலுக்கு வரிசையா நோய்ப் பட்டியல் வந்துச்சு. 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை குழு போட்டு ஆராய்ஞ்சு, 1924ல ஒண்ணுமே இல்லைன்னு முடிச்சுது. அந்த வருஷம் ஜனவரியிலயே ஆப்ராம்ஸ் போய்ச் சேர்ந்துட்டாரு. முடிவைப் படிக்கிற கொடுமை அவருக்கு மிச்சம்.

அடுத்தவர் கேலன் ஹிரோனிமஸ். இவர்தான் எனக்கு முக்கியம். ஏன்னா இவர் சர்க்யூட்டை வெளியில காட்டினவரு. 1949ல அமெரிக்காவுல பேட்டன்டே வாங்கிட்டாரு, நம்பர் 2,482,773. (பேட்டன்ட் வாங்கிட்டா அது வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல. இதை எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல நாலு தடவை போட்டிருக்கேன்.) பொருள்ல இருந்து ஒரு கதிர் வருதாம். அதை ஒரு பட்டகம், அதான் ஸ்கூல்ல ஏழு கலர் காட்டுவாங்களே, அந்தக் கண்ணாடி வழியா வளைச்சு, ஆம்ப்ளிஃபயர்ல பெருசாக்கி, கடைசியில ஒரு தட்டையான காயிலுக்கு அனுப்பறாரு. காயில் மேல ஒரு பிளாஸ்டிக் தகடு. அதை விரலால தேய்ச்சுக்கிட்டே டயலைத் திருப்பணும். சரியான இடம் வந்தா விரல் வழுக்காம ஒட்டுமாம். ஒட்டுனா 'ஆமா'. வழுக்குனா 'இல்ல'.

மீட்டர் கிடையாது. முள்ளு கிடையாது. லைட்டு கிடையாது. மீட்டரே நம்ம விரல்தான்.

இதுக்கு மேல ஒரு கூத்து. ஜான் கேம்ப்பெல்னு ஒரு அறிவியல் கதைப் பத்திரிகை ஆசிரியர். 1956ல இந்த மிஷினைச் செஞ்சு பாத்துத் தன் பத்திரிகையில எழுதினாரு. இந்த மாதிரி மிஷின் வித்தைக்கு 'சயோனிக்ஸ்'ங்கிற பேரைப் பரப்புனதே அவருதான். அப்புறம் அவருக்கே ஒரு சந்தேகம். பாகங்களையே எடுத்துட்டா? சர்க்யூட்டைப் பேப்பர்ல இங்க்ல வரைஞ்சு, அந்தப் படத்தையே மிஷினா வெச்சுப் பாத்தாரு. வரைஞ்ச மிஷினும் நிஜ மிஷின் மாதிரியே வேலை செஞ்சுதாம்! உங்களுக்கோ எனக்கோ இப்படி ஆகியிருந்தா, அப்போ நிஜ மிஷினும் சும்மாதான் போலிருக்குன்னு சோல்டரிங் ராடைக் கீழ வெச்சிருப்போம். அவர் என்ன முடிவுக்கு வந்தாருன்னா, ஆகா, படத்துக்கே சக்தி இருக்கு!

வெள்ளைக்காரன்தான் இப்படின்னு நினைக்காதீங்க. பினயதோஷ் பட்டாச்சார்யான்னு ஒரு வங்காளி அறிஞர். பரோடாவுல ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட்டுக்குத் தலைமையா இருந்தவரு, பௌத்தத் தந்திர நூல்கள்ல பெரிய ஆளு. அவரே கடைசியில நோயாளியோட போட்டோவுக்கு முன்னாடி ரத்தினக்கல்லை மோட்டார்ல சுத்தவிட்டு, தூரத்துல இருக்கிறவங்களுக்கு வைத்தியம் பாத்தாரு. புத்தகமும் போட்டாரு. படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கிறதுக்காகச் சொல்றேன்.

சரி, பொட்டிக்கு வருவோம்.

அப்பாவோட பழைய தகர டப்பா பரண்ல இருந்துச்சு. செத்துப்போன மர்ஃபி ரேடியோவோட கேங் கண்டன்சர் கெடைச்சுது. (அந்தக் காலத்து ரேடியோவுல ஸ்டேஷன் திருப்புறப்போ உள்ள விசிறி மாதிரி தகடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகுமே, அதேதான்.) மோட்டார் காயில் கட்டுற கடையில செம்புக் கம்பி. ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு தேடி அலையாம டிரான்சிஸ்டர் போட்டேன். பட்டகம் கிடைக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. எலக்ட்ரானிக்ஸ் கடைப் பையன், "என்னக்கா செய்யறீங்க? எஃப்எம்மா?"ன்னான். இல்லன்னேன். "எலிமினேட்டரா?" இல்லப்பா. "அப்ப கொசு பேட்டா?" பேசாம வந்துட்டேன்.

முதல் மிஷின்: மரப்பலகையில. ஆன் பண்ணதும் டிரான்சிஸ்டர் சுட்டுப் போச்சு. காலை மாத்தி அடிச்சிருக்கேன். (ரேடியோ மெக்கானிக் பொண்ணுன்னு மேல பீத்திக்கிட்டேன்ல. அழிக்கல, இருக்கட்டும்.)

ரெண்டாவது மிஷின்: சுடல. விரலும் ஒட்டல. டயலை எப்படித் திருப்பினாலும் வழவழன்னு போகுது. அப்புறம்தான் பாத்தேன், தகடுக்குப் பழைய பாலீஷ் போட்ட சன்மைக்கா.

மூணாவது: தகட்டை மாத்தினேன். டம்ளர்ல தண்ணி வெச்சு, டயலைத் திருப்பிக்கிட்டே தேய்ச்சேன். 40க்கிட்ட வந்ததும் விரல் நின்னுச்சுங்க! சத்தியமா நின்னுச்சு. யாரோ அடியில பசை தடவின மாதிரி. மறுபடி திருப்பினேன், மறுபடி 40லயே நின்னுச்சு. எனக்கு முதுகுல ஒரு மாதிரி சிலிர்த்துப் போச்சு. கிண்டல் பண்ணத்தான் செய்ய ஆரம்பிச்சேன். அந்த நிமிஷம் எனக்குக் கிண்டல் வரல. ஒருவேளை இருக்குமோ?

இதை மறைக்காம சொல்லணும். அந்தச் சிலிர்ப்பு நிஜம். சூட்கேஸ்காரர் எல்லாரையும் ஏமாத்துறாருன்னு நினைச்சிருந்தேன். அவருக்கும் இதே சிலிர்ப்பு வந்திருக்கலாம்ல?

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, படத்தையும் பலகையையும் மாறி மாறிப் பாத்தாரு.

"எர்த் எங்கம்மா?"

இல்லப்பா.

"இந்தக் காயிலுக்கு அப்புறம் கரண்டு எங்க போகுது?"

எங்கயும் போகல.

"அலைங்கிறியே, எந்த ஸ்டேஷன்ல இருந்து வருது?"

முழிச்சேன்.

"ரேடியோன்னா எங்கயாவது ஒரு ஸ்டேஷன் இருக்கணும்மா. நீ டயலைத் திருப்பாட்டியும் அது பாடிக்கிட்டே இருக்கும். இதுல ஸ்டேஷனும் நீதான், ரேடியோவும் நீதான்."

சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

அப்பா சொன்னதை ஃபாரடே 1853லயே செஞ்சு காட்டியிருக்காரு. அதே ஃபாரடேதான், டைனமோவுக்கு வழி காட்டினவரு. அப்ப லண்டன்ல மேசை சுத்துற பைத்தியம். ஏழெட்டுப் பேர் மேசை மேல கை வெச்சு உக்காந்தா ஆவி வந்து மேசையை நகர்த்துமாம். ஃபாரடே மேசைக்கும் கைக்கும் நடுவுல அட்டைகளை அடுக்கி, இளகுன பசையால ஒட்டி வெச்சாரு. மேசை கையை இழுத்திருந்தா கீழ் அட்டை முதல்ல நகர்ந்திருக்கணும். மேல் அட்டைதான் முதல்ல நகர்ந்திருந்துச்சு. உக்காந்திருந்தவங்க பொய் சொல்லல. அவங்க கை தள்ளுறது அவங்களுக்கே தெரியல. மனசு எதிர்பாக்கிறதைக் கை சத்தமில்லாம செஞ்சிடும். என் விரலும் அப்படித்தான். 40ல ஒரு தடவை வேர்வையில ஒட்டுச்சு. அடுத்த தடவை 40 வரும்போது நானே கொஞ்சம் அழுத்தியிருக்கேன்.

(சித்தி இதை ஃபாரடே இல்லாமயே சொன்னாங்க: "வேர்த்த கை ஒட்டாம என்னடி பண்ணும்?")

சரி, நாமளும் அட்டை வெப்போம்னு அடுத்த ஞாயித்துக்கிழமை பொட்டியைத் தூக்கிக்கிட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அஞ்சு எவர்சில்வர் டம்ளர், அஞ்சுக்கும் மூடி. ஒண்ணுல தண்ணி, நாலுல மணல். எடையில தெரிஞ்சிடக் கூடாதுன்னு யாரும் தொடக் கூடாது. சித்தப்பா பையன் உள்ரூம்ல சீட்டு குலுக்கிப் போட்டு எதுல தண்ணின்னு முடிவு பண்ணி, வெச்சுட்டு வெளிய போயிடணும். அவன் மூஞ்சியைப் பாத்துக்கூட நாம கண்டுபிடிச்சிடக் கூடாது. ஆளுக்கு இருபது தடவை. கண்ணை மூடிச் சொன்னாலே இருபதுக்கு நாலு சரியா வரும்.

முதல்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி வெச்சுப் பாத்தோம். மிஷின் பத்துக்குப் பத்து. சித்தப்பா கை தட்டினாரு.

அப்புறம் மறைச்சு வெச்சோம்.

என் மிஷின்: இருபதுக்கு அஞ்சு.

கேம்ப்பெல் மாதிரி பேப்பர்ல இங்க்ல வரைஞ்ச மிஷின்: ஆறு.

தேங்காய்க்காரர் (பக்கத்து ஊருதான், சித்தப்பா வரச்சொல்லியிருந்தாரு): மூணு.

சித்தி, அடுப்பங்கரையில பூண்டு உரிச்சுக்கிட்டே, "ரெண்டாவது", "கடைசி"ன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னது: ஏழு.

சித்திக்கு அன்னையில இருந்து வீட்டுல மரியாதையே தனி.

தேங்காய்க்காரர் அசரல. "வெச்ச தண்ணி வேற, ஓடுற தண்ணி வேற பாப்பா"ன்னாரு. ஜெர்மனியில இதுக்கும் பதில் பாத்துட்டாங்க. 1980கள் கடைசியில மூனிச் பக்கம் ஒரு பெரிய கொட்டகை. கீழ்த்தளத்துல தண்ணி ஓடுற குழாயை இஷ்டத்துக்கு இடம் மாத்தி வெச்சு, மேல்தளத்துல நடந்து கண்டுபிடிக்கச் சொன்னாங்க. 500 பேர்ல சலிச்சு எடுத்த 43 பேரு, 843 சோதனை. நடத்தினவங்களே சிலருக்குத் திறமை இருக்குன்னுதான் எழுதினாங்க. என்ரைட்னு ஒரு விஞ்ஞானி அதே கணக்கை எடுத்து உதறிப் பாத்தாரு. ஒரு நாள் நல்லாச் சொன்னவரு மறுநாள் கோட்டை விட்டிருக்காரு. திரும்பத் திரும்பச் சரியாச் சொன்ன ஆளுன்னு ஒருத்தரைக் காட்ட முடியல.

அன்னைக்கு இன்னொண்ணும் நடந்துச்சு.

ஆட்டம் சூடு பிடிச்சு, எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கிறப்போ தம்பி கேட்டான்: "அக்கா, அடுத்தது தண்ணிக்குப் பதிலா ஸ்பிரிட்டு வெச்சுப் பாக்கலாமா? ஒண்ணுல நல்லது, ஒண்ணுல கெட்டது..."

யாரும் பேசல. சித்தி பூண்டை வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க.

எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம். 60 பேருக்கு மேல போயிட்டாங்க. மெத்தனாலும் குடிக்கிற சாராயத்துல இருக்கிற எத்தனாலும் கண்ணுக்கு ஒண்ணுதான், ரெண்டும் தண்ணி நிறம். குடிச்சவங்களுக்கே வித்தியாசம் தெரியல, கண்ணு மங்கிற வரைக்கும். லேப்ல அதைப் பிரிச்சுக் காட்ட மிஷின் இருக்கு. அது அழுத்துற விரலுக்குத் தகுந்த மாதிரி ஆடாது.

கருணாபுரத்துல அன்னைக்கு, தம்பி கேட்ட மாதிரியே யாராவது ஒரு டயல் பொட்டியை வெச்சு, "இது நல்ல சரக்குதான், விரல் ஒட்டுது பாரு"ன்னு சொல்லியிருந்தா?

கற்பனை இல்லைங்க. வேற ஊர்ல நடந்துடுச்சு. ஏடிஈ 651னு ஒரு 'வெடிகுண்டு கண்டுபிடிக்கிற' கருவி. பிளாஸ்டிக் கைப்பிடி, அதுல சுலபமா ஆடுற ஒரு ஆண்டெனா, அவ்வளவுதான். உள்ள ஒண்ணும் கிடையாது. கோல்ஃப் பந்து தேடுறதுக்குன்னு வித்த விளையாட்டுச் சாமானோட தம்பி அது. ஜேம்ஸ் மெக்கார்மிக்னு ஒரு இங்கிலாந்துக்காரர் அதை ஈராக் அரசாங்கத்துக்கு வித்து, கோடி கோடியா சம்பாதிச்சாரு. பாக்தாத் செக்போஸ்ட்ல போலீஸ்காரங்க அதைக் கையில பிடிச்சுக்கிட்டு வண்டிகளைச் சோதிச்சாங்க. குண்டு வண்டிங்க தாண்டிப் போச்சு. 2013ல இங்கிலாந்து கோர்ட்டு மெக்கார்மிக்குக்குப் பத்து வருஷம் போட்டுச்சு.

எங்க தேங்காய், அந்த ஆண்டெனா, என் பொட்டி. மூணுலயும் ஆடுறது ஒரே கைதான்.

சாயங்காலம் காத்து வாங்க நிலத்துல நடந்தோம். சும்மா இருக்கட்டும்னு என் மிஷினைத் தூக்கிக்கிட்டு ஒரு சுத்து வந்தேன். ஒரு மூலையில விரல் ஒட்டுச்சு. நிமிர்ந்து பாத்தா சூட்கேஸ்காரர் குச்சி நட்ட அதே இடம்! ரெண்டடி தள்ளி தேங்காய்க்காரர் போன வருஷம் வெச்ச கல்லு.

சித்தப்பா குதிக்கிறாரு. "பாத்தியா? மூணு பேரும் ஒரே இடம்! இதுக்கு என்ன சொல்ற?"

எனக்கும் ஒரு நிமிஷம் வாயடைச்சுப் போச்சு. அப்புறம் சூரியன் எந்தப் பக்கம் எறங்குதுன்னு பாத்தேன். அந்த மூலை வடகிழக்கு.

ஈசானி மூலை! கிணறோ போரோ ஈசானியத்துல இருக்கணும்னு பொறந்த கொழந்தைக்குக்கூட நம்மூர்ல தெரியும். சூட்கேஸ்காரர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, கிழக்கு எது? தேங்காய்க்குத் தெரிஞ்சது தண்ணி இல்ல, வாஸ்து. வாஸ்து பொய்னு வாய் கிழியப் பேசுற என் விரலுக்கும் அது தெரிஞ்சிருக்கு. இந்த ஒரு விஷயத்துல எனக்கு என் மேலயே கோவம்.

ஆனா ஒண்ணு யோசிச்சேன். இடம் பாக்கிறவங்களை ஊர் ஏன் விட மாட்டேங்குது? சித்தப்பா வீட்டையே எடுத்துக்குங்க. போர் எங்க போடணும்? சித்திக்கு வீட்டுப் பக்கம் வேணும், குடம் தூக்கிற தூரம் குறையும். தம்பிக்கு கரண்டு கம்பம் பக்கம் வேணும், கேபிள் செலவு குறையும். சித்தப்பாவுக்கு ஈசானியம். பேசினா விடியற வரைக்கும் சண்டை. தேங்காய் எந்திரிச்சு நின்னா சண்டை முடிஞ்சுது. புகை வந்தாலும் "யாரு சொன்னது இங்க போடச் சொல்லி"ன்னு ஒருத்தர் மூஞ்சியைப் பாத்து ஒருத்தர் கேக்க வேண்டாம். பழியைத் தேங்காய் வாங்கிக்கும். அஞ்சாயிரம் இடம் பாக்கவா? பழி சுமக்குற கூலின்னு நினைச்சா கொஞ்சம் நியாயமாக்கூட இருக்கு.

அப்ப எப்படித்தான் இடம் பாக்கிறது?

மலையில இருந்து கடுக்காயும் தேனும் கொண்டு வர்ற பெரியவர் ஒருத்தர், சித்தி வீட்டுத் திண்ணையில ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் போவாரு. அவர் சொன்னது: "பங்குனியில எந்த இடத்துல பச்சை காயாம இருக்கோ அதைப் பாருங்க." வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டுல எழுதின 'பிருகத் சம்ஹிதை'யிலயும் இந்த ரகம் நிறைய இருக்கு: என்ன மரம், பக்கத்துல புத்து இருக்கா, எந்தத் திசையில. அதுல எல்லாமே சரின்னு சொல்ல வரல. ஆனா அவங்க நிலத்தைப் பாத்தாங்க. நான் என் விரலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

கடைசியில ஜியாலஜி படிச்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் கையிலயும் பொட்டி! சித்தப்பா மூஞ்சி மலர்ந்துடுச்சு. அவர் நாலு இரும்புக் கம்பியை ஒரே கோட்டுல நட்டாரு. வெளிக்கம்பி ரெண்டு வழியா மண்ணுக்குள்ள கரண்டு விட்டு, உள்கம்பி ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வோல்டேஜ்னு பாத்தாரு. கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட நட இன்னும் ஆழத்துல இருக்கிற கதை தெரியும். காஞ்ச பாறை கரண்டை விடாது. ஈரம் ஊறின இடம் கொஞ்சம் விடும். பிரான்ஸ்ல ஷ்லும்பர்ஜேன்னு ஒருத்தர் 1912ல இருந்தே இதைச் செஞ்சு பாத்த முறை.

அப்பாவும் வந்திருந்தாரு. கம்பியையும் ஒயரையும் பாத்துட்டு, "இங்கதாம்மா எர்த் இருக்கு"ன்னாரு. பூமியையே எர்த்தா வெச்ச சர்க்யூட்டு. மனுஷனுக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம்ம மலையடிவாரத்துப் பாறை சார்னோக்கைட் வகை. (கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரரோட கல்லறைக்கல்லு இந்த வகை. அந்த ஆளு பேரையே பாறைக்கு வெச்சுட்டாங்க. கல்லு போனது நம்ம சென்னைப் பக்கத்துல இருந்து!) அது இறுகுன கல்லு. பூமிக்குள்ள ஆறு ஓடுதுன்னு சித்தப்பா நினைக்கிறது நம்மூர்ல கிடையாது. மேல மக்கின பாறையிலயும், கீழ வெடிப்புலயும் தேங்கி நிக்கிற தண்ணிதான். வெடிப்பு மாட்டினா தண்ணி, மாட்டலைன்னா புகை. பல இடத்துல ஆழமாப் போனா கொஞ்சமாவது கசியும். அதனாலதான் தேங்காயும் அப்பப்ப ஜெயிக்குது. ஜெயிச்ச போரை ஊரே பேசும். தோத்த போரை மூடி போட்டு மூடிடுவாங்க.

ஜியாலஜிக்காரர் ஆறு இடம் பாத்துட்டு, மாட்டுக்கொட்டாய் பக்கத்துல ஒரு இடத்தைக் காட்டினாரு. "இங்க 200ல இருந்து 250க்குள்ள வெடிப்பு இருக்கலாம். வராமலும் போகலாம் சார், உறுதி சொல்ல முடியாது."

சித்தப்பா என்னை ஓரமாக் கூப்பிட்டாரு. "என்ன பாப்பா, காசையும் வாங்கிட்டு இருக்கலாம்ங்கிறான்? அந்த ஆளு 380 அடி, ரெண்டரை இஞ்சுன்னு எவ்வளவு கரெக்டாச் சொன்னாரு!"

அதுதான் சித்தப்பா விஷயமே. தெரியாதவன்தான் அவ்வளவு கரெக்டாச் சொல்லுவான்.

ஒரு வழியா ஒத்துக்கிட்டாரு. திருச்செங்கோட்டு வண்டி வந்து நின்னுச்சு. ராத்திரி பூரா சத்தம். கேசிங் எறக்கி, நூறு அடி, புகை. நூத்தம்பது, புகை. சித்தி மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சாங்க. 232 அடியில புகை அடங்கி, சேறு வந்து, அப்புறம் பீச்சி அடிச்சுது. ஒன்றரை இஞ்சு.

நானும் ஆடினேன், பொய் சொல்லல. ஆனா ஒரு போர் ஜெயிச்சதை வெச்சு ஜியாலஜிக்காரரைச் சாமியாக்க மாட்டேன். அப்படிச் செஞ்சா தேங்காய்க்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

சித்தப்பா அந்த வேலையை எனக்குச் செஞ்சிட்டாரு. ஊர்ல போய், "எங்க அண்ணன் பொண்ணு மிஷின் செஞ்சு பாத்துச்சு, தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு"ன்னு சொல்லிட்டு இருக்காரு. நாலு கம்பி, ஜியாலஜி, வெடிப்பு எதுவும் கதையில இல்ல. அதான் ஹார்லிக்ஸ் பாட்டில்.

நேத்து வந்தவருக்கு அஞ்சு டம்ளர் சோதனையைச் சொல்லிக் குடுத்தேன். "யாரு இடம் பாக்க வந்தாலும், காசு குடுக்கிறதுக்கு முன்னாடி இதை இருபது தடவை செய்யச் சொல்லுங்க"ன்னேன். அங்கேயே அஞ்சு தடவை விளையாடிப் பாத்தாரு. ஒண்ணு சரியா வந்துச்சு. "பாத்தீங்களாக்கா, வந்துச்சு!"ன்னு சந்தோஷமாக் கிளம்பிட்டாரு. மண்ணு பாட்டிலை மட்டும் மறந்தாப்ல விட்டுட்டுப் போயிட்டாரு.

மிஷினை நான் பிரிச்சுட்டேன். கேங் கண்டன்சர் அப்பா டப்பாவுக்குத் திரும்பிடுச்சு.

அந்தப் பேப்பர் மிஷினைத்தான் ரெண்டு மாசமாத் தேடிக்கிட்டு இருந்தேன். போன வாரம் சித்தப்பா நிலத்துக்குப் போனப்போ கிடைச்சுது. மோட்டார் ஸ்டார்டர் பொட்டி மேல ஒட்டியிருக்காரு. மழை படாம இருக்க மேல பிளாஸ்டிக் கவர். கவர் மேல மஞ்சள், குங்குமம்.

பிச்சிடலாம்னு கையை நீட்டினேன். சித்தப்பா பச்சை பட்டனை அமுக்கினாரு. தண்ணி கொட்டுது.

நீங்களே சொல்லுங்க, நான் என்னன்னு பேசுறது?